தங்கத்துக்கு மொட்டைமாடி பெர்மிட்

இந்த மாதம் முடிவதற்குள் ஜன்னலை மீட்டே தீருவது என்று ஹெல்மெட்காரர் சபதம் செய்தார். செய்த இடம் குளியலறை வாசல். பேப்பரின் முதல் பக்கத்தை அங்கே நின்று படித்து, இரண்டாம் பக்கத்துக்குச் சமையலறை போய், விளையாட்டுச் செய்திக்கு மாடிப்படியில் வந்து சேர்கிற மனுஷன் வேறு எங்கே நின்று சபதம் செய்வார், நீங்களே சொல்லுங்கள்.

ஹெல்மெட்காரர் என்பது அக்கம்பக்கம் வைத்த பெயர். பாட்டில் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யார் எந்த ஏணியில் கால் வைத்தாலும் கீழே வந்து நின்று, "பெர்மிட் இருக்கா?" என்று கேட்பது உத்தியோகம். பெர்மிட் என்றால் ஆபத்தான வேலை தொடங்குவதற்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய அனுமதிச் சீட்டு. இருபத்திரண்டு வருஷமாக இதையே கேட்டு ஊறிப்போனதில், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் போட்டால்கூட மனிதர் தலையில் ஹெல்மெட் ஏறிவிடும். ஒரு தடவை தேங்காய் உடைக்கும்போது போட்டிருந்தாராம். அதைச் சொன்னவர் அதே அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பல் டாக்டர். கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆசாமி, ஆனால் இதில் நான் நம்புகிறேன்.

அந்த வீட்டில் ஜன்னல்கள் நாலு. மூன்று, சுவரில் விட்ட ஓட்டை. ஒன்றுதான் ஜன்னல். காலை ஏழிலிருந்து எட்டு வரை அதில் இளவெயில் விழும், காற்று வரும், தெரு முழுக்கத் தெரியும். எட்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிடத்தின் நிழல் விழுந்து மூடிவிடும். எட்டேகாலுக்கு அவருடைய கம்பெனி பஸ். ஆக, இருபத்து நாலு மணி நேரத்தில் அவருக்கென்று கடவுள் ஒதுக்கியது அந்த ஒரு மணி நேரம். ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு காபி, ஒரு பேப்பர். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த இடத்தில் இப்போது தங்கம் இருந்தது.

தங்கம் வந்த கதை சின்னது. வீட்டுக்காரம்மாவின், அதாவது அவர் மனைவியின், தம்பி கப்பலில் சமையல்காரன். ஆறு மாசப் பயணம் கிளம்புகிற அன்றைக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, திரும்பி வர்ற வரைக்கும் பார்த்துக்கோ, டிராகன்" என்றான். தொட்டிக்குள் ஓர் ஓணான். ஒரு முழ நீளம், மணல் நிறம், தாடையைச் சுற்றி முள்ளு முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடி கறுத்துப்போகும். தூர தேசத்துப் பாலைவன ஜாதி, வெளிச்சமும் சூடும் வேண்டும் என்றான் தம்பி. வெளிச்சம் என்றதும் நாற்காலி மூலைக்குப் போனது, தொட்டி ஜன்னலுக்கு வந்தது. ஹெல்மெட்காரர் அன்றைக்கு வேலை முடிந்து வந்து பார்த்தபோது அது அவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டியது.

"யாரும்மா இந்த ஓணான்?"

"ஓணான்னு சொல்லாதீங்க, அதுக்குக் காதில விழும். பேரு தங்கம்."

இதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. கல்யாணமான முதல் வருஷம் 'தங்கம்' என்பது அவர்தான். இரண்டாம் வருஷம் 'என்னங்க' ஆனார். அப்புறம் அதுவும் தேய்ந்து 'இங்க பாருங்க' ஆனார். இப்போது சமையலறையிலிருந்து "தங்கம், சாப்பிட வா" என்று குரல் வந்தால் பழைய ஞாபகத்தில் அவரும் எழுந்து போய்விடுவார். போனால் கையில் கீரைக்கட்டோடு மனைவி அவரைத் தாண்டிப் போவாள்.

வீட்டுக்காரம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாளிலிருந்து சட்டப் புத்தகம் வரைக்கும், யாருமே படிக்காத எழுத்தையெல்லாம் ஒரு வரி விடாமல் படிக்கிறவள். காலையில் ஒரு மணி நேரம் வீட்டிலேயே, சமையலறை ஓரத்து மேஜையில், கண்ணடிக்கிற டியூப்லைட்டுக்குக் கீழே அச்சுத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, "அந்த ஜன்னல்ல உக்காந்தா எழுத்து நல்லாத் தெரியும்போல இருக்கே" என்று சொன்னாள். ஹெல்மெட்காரர் அப்போது பேப்பரில் இருந்தார். "ம்" என்றார். விஷயம் அதோடு முடிந்துபோனது.

சபதம் செய்த அந்த வாரமே அதிர்ஷ்டம் அடித்தது. தங்கம் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது. மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"ஜன்னலோரம், நல்ல வெயில்ல" என்றாள் வீட்டுக்காரம்மா.

"ஜன்னல் வெயிலால பிரயோஜனம் இல்லைங்க. இதோட எலும்புக்கு வேண்டியதைக் கண்ணாடி தடுத்துடும். தினம் அரைமணி நேரம் நேர் வெயில்ல வெளிய விடுங்க. ஓடட்டும், விளையாடட்டும். மத்த நேரத்துக்கு விளக்குச் சூடு போதும், தொட்டி எந்த மூலைல இருந்தாலும் சரி."

எந்த மூலையில் இருந்தாலும் சரி. ஹெல்மெட்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஓணான் மேல் இவ்வளவு பாசமுள்ள ஆளை டாக்டர் பார்த்ததே இல்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தொட்டியில் கை வைத்தார். "இதை உள் ரூமுக்கு நகர்த்திடலாமா?"

"இருங்க, இருங்க. முதல்ல வெளிய விடறதுக்கு இடம்?"

"மொட்டைமாடி."

"பருந்து சுத்தும். பூனை வரும். கைப்பிடிச்சுவரு முழங்கால் உயரம். அது பாட்டுக்கு ஓடிப்போய்க் கீழ விழுந்துட்டா என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்க பாதுகாப்பு அதிகாரி. பத்திரம்னு எழுத்துல குடுங்க, தங்கம் மாடிக்குப் போகட்டும். அது வரைக்கும் ஜன்னல்லயே இருக்கட்டும்."

எழுத்துல குடுங்க. இந்த இரண்டு வார்த்தையை அவரிடம் சொல்வது, குழந்தையிடம் கதவைத் திறந்து வைத்துவிட்டு மழையில் நனையாதே என்று சொல்கிற மாதிரி. மனிதர் பரபரத்துவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மொட்டைமாடியில் சுத்தியல் சத்தம். கம்பிவலையில் ஒரு கூண்டு கட்டினார். நாலடிக்கு நாலடி, நாலடி உயரம். பருந்துக்காக மேலேயும் வலை. ஓணான் தோண்டிப் போய்விடாமல் கீழேயும் வலை, தோண்டுவதற்கு அங்கே சிமென்ட் தரைதான் இருந்தது என்றாலும். கால் சுடாமல் பாய், நிழலுக்கு ஒரு மரப்பெட்டி, தண்ணீருக்கு ஒரு தட்டு. உள்ளே ஓர் ஆள் குந்தி உட்காரவும் இடம் விட்டார். அந்த ஆள் தன் மனைவிதான் என்று அவர் மனசில் ஒரு படம் இருந்தது. அந்தப் படத்தில் அவர் ஜன்னலில் இருந்தார்.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பெர்மிட்டை மேஜையில் விரித்தார். நாலு பக்கம். முதல் பக்கத்தைப் பூர்த்தி செய்தார். பணி: ஓணான் வெயில் காய்தல். இடம்: மொட்டைமாடி. ஆபத்துகள்: பருந்து, பூனை, உயரம், வெப்பம், இன்ன பிற. மீதி மூன்று பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்த விதிகள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விதிகளை எழுதியவரே நம்ம ஹெல்மெட்காரர்தான். ராத்திரி பகல் பாராமல் எழுதினார். அதற்கப்புறம் அதை யாரும் படித்ததில்லை, அவர் உட்பட. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஏணியில் ஏறினார்கள், இறங்கினார்கள்.

'அனுமதி அளிப்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, 'பணி செய்பவர்' கட்டத்தைக் காட்டி மனைவி பக்கம் நகர்த்தினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

வீட்டுக்காரம்மா கண்ணாடியை மாட்டினாள். பென்சிலைச் சீவினாள்.

"படிக்கவெல்லாம் வேண்டாம், வழக்கமா எல்லாரும் போடறதுதான்."

"படிக்காம நான் பால்காரர் அட்டைலகூட கையெழுத்துப் போட்டதில்லைங்க."

இருபது நிமிஷம் படித்தாள். அவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். தொட்டிக்குள் தங்கமும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. முதல் பக்கத்தில் 'ஓணான்' என்பதை அடித்து 'தங்கம்' என்று எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"இங்க பாருங்க, ஆறாவது விதி. 'உயரமான இடத்தில் பணி செய்ய, உயரப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவருக்கு மட்டுமே அனுமதி. உறவினர், நண்பர், மேலதிகாரி என்ற எந்தச் சலுகையும் கிடையாது.' எங்கிட்ட சான்றிதழ் இல்லையே."

"அது ஏணில ஏறி வேலை பாக்கறவங்களுக்கும்மா."

"அப்படின்னு இதுல இல்லையே. உயரமான இடம்னுதான் இருக்கு. அதுக்குக் கீழயே அடைப்புக்குள்ள 'மொட்டைமாடி உட்பட'ன்னு போட்டிருக்கு."

"யாரு போட்டது அதை?"

"அடியில உங்க பேரு இருக்கு."

அவர் வாங்கிப் படித்தார். இருந்தது. 'எந்தச் சலுகையும்' என்பதற்குக் கீழே கோடுகூடப் போட்டு அச்சடித்திருந்தார்.

"இந்த வீட்ல சான்றிதழ் யாருகிட்ட இருக்கு?" என்றாள் வீட்டுக்காரம்மா, ரொம்ப மரியாதையாக.

அது கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார்கள். அப்புறம் அவர் 'பணி செய்பவர்' கட்டத்திலும் தன் பெயரையே எழுதினார்.

சரி, என்ன போச்சு என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஏழிலிருந்து ஏழரை மாடியில். ஏழரையிலிருந்து எட்டு ஜன்னலில். முழுசாகப் போனதில் பாதி வந்தது லாபம்தானே. மறுநாள் காலை தொட்டி உள் ரூமுக்குப் போனது, பிரம்பு நாற்காலி ஜன்னலுக்கு வந்தது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில், கையில் தங்கம் என்று அவர் படியேறினார்.

கூண்டுக்குள் குந்தினால் முழங்கால் மோவாயைத் தொட்டது. பணி செய்பவர் கை எட்டும் தூரத்தை விட்டு நகரக் கூடாது என்பது எட்டாவது விதி. தங்கம் பாயில் நாலு ஓட்டம் ஓடியது. மரப்பெட்டியில் ஏறிப் பார்த்தது. பிறகு அவர் முதுகு வழியாக ஏறி, அந்தக் கூண்டிலேயே உயரமான இடமான ஹெல்மெட்டின் உச்சியில் போய்ப் பப்பரப்பாவென்று படுத்துக்கொண்டது. அப்போதுதான் நடைப்பயிற்சிக்கு வந்த பல் டாக்டர் கூண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுல டிராகன் எது சார்?"

"மேல இருக்கறது."

"நல்ல வேளை, கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வட்டத்துக்குப் போனார். முப்பது நிமிஷத்தில் இருபத்தாறு வட்டம் போட்டார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குட் மார்னிங்.

ஏழரைக்கு விசில் ஊதிப் பணியை முடித்து, தங்கத்தை இறக்கி, காலைத் துடைத்து, தொட்டியில் விட்டு, தன் காலைக் கழுவி, நாற்காலியில் விழும்போது மணி ஏழு நாற்பது. மிச்சம் இருபது நிமிஷம். அதில் பாதி நேரம் கடிகாரத்தையே பார்த்தார். பேப்பரைப் பிரித்தால் நிழல் வந்துவிடுமோ என்று பயம். காபியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். நின்று படித்த காலத்தில்கூட இப்படித் தவித்ததில்லை. ஐந்து மாசம் இல்லாமலேயே இருந்த ஜன்னல், கொஞ்சம் கிடைத்ததும் முழுசும் வேண்டும்போல ஆகிவிட்டது.

பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் கூண்டுக்குள் யோசனை பிறந்தது. தொழிற்சாலையில் அவர் வாரா வாரம் கத்துகிற பாடம் ஒன்று உண்டு: ஆபத்து கூடினால், ஆபத்தில் இருக்கிற நேரத்தைக் குறை. அப்படியானால் மாடியில் ஆபத்து கூடட்டும். அரைமணி ஐந்து நிமிஷமாகும். அன்று சாயங்காலமே 'நியர் மிஸ்' படிவம் ஒன்றை எழுதினார். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் மயிரிழையில் தப்பினோம் என்றால் அதற்கு நியர் மிஸ் என்று பெயர்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"'காலை ஏழு பத்து மணிக்கு, மேற்குத் திசையிலிருந்து, ஆறடிச் சிறகுள்ள பருந்து ஒன்று வலையின் மீது பாய்ந்தது. பணி செய்பவர் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் விசில் ஊதி அதைத் துரத்தினார்.' அட பாவமே. தங்கத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கும் ஒண்ணும் ஆகலை."

"அது தெரியுதே, எதிர்லதான நிக்கறீங்க."

"அதனால என்ன சொல்றேன்னா, இனிமே அஞ்சு நிமிஷம் போதும். ஆபத்தான இடம்."

"இருங்க, பெர்மிட்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்துடுவோம்."

அவள் மூன்றாம் பக்கத்துக்குப் போனாள். பென்சில் மெதுவாக இறங்கிப் பதினோராவது விதியில் நின்றது.

"'நியர் மிஸ் நேர்ந்தால் பணி நேரத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் அவசரம் வரும், அவசரமே அடுத்த விபத்து.' என்ன அழகா எழுதியிருக்கீங்க. 'பணி முடிந்தபின் பணி செய்பவர் மேலும் அரைமணி நேரம் அங்கேயே இருந்து இடத்தைச் சோதித்துக் குறிப்பு எழுத வேண்டும்.' ஏழரைலேருந்து எட்டு. 'மேலும், விசில் சத்தம் நன்றாகக் கேட்கும் இடத்தில் துணைக்காவல் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பணி முடியும்வரை எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு எழக் கூடாது.' இதுக்குச் சான்றிதழ் வேணும்னு போடலை. ஏங்க, மாடில விசில் ஊதினா நம்ம வீட்ல எங்க நல்லாக் கேக்கும்?"

"ஜன்னல்ல" என்றார் ஹெல்மெட்காரர். தொழில் புத்தி. கேள்வி கேட்டால் வாய் முந்திக்கொண்டு சரியான பதிலைச் சொல்லிவிடும்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பாய்ந்து படிவத்தைப் பிடித்தார். "அதாவது... பருந்துதான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. புறாவாக்கூட இருக்கலாம். வெயில் கண்ணைக் கூசினது."

"அப்ப பருந்தை எடுத்துடவா?" அவள் பென்சிலைத் திருப்பி ரப்பர் முனையைக் காட்டினாள். "எனக்கும் சந்தேகம்தான். ஏழு பத்துன்னு போட்டிருக்கீங்க. ஏழு பத்துக்கு நீங்க வாயைத் தொறந்து தூங்கிட்டிருந்தீங்கன்னு பல் டாக்டர் சொன்னாரு. இடது பக்கம் கடைவாய்ப் பல் ஒண்ணு சொத்தையாம், வந்து காட்டச் சொன்னாரு. எடுக்கறதுக்கு முன்னாடி பதிமூணாவது விதியையும் பார்த்துடுங்க. 'பொய்யான அறிக்கை தந்தவர் ஒரு வருட காலம் விடுப்பின்றி அதே பணியில் அமர்த்தப்படுவார்.'"

அவர் பதிமூன்றாவது விதியைப் பார்த்தார். சட்டம் போட்ட சான்றிதழைப் பார்த்தார். உள் ரூமில் தங்கம் ஒரு கையைத் தூக்கி ஆட்டியது.

"பருந்தே இருக்கட்டும்" என்றார்.

"ஆறடிச் சிறகு?"

"அதுவும் இருக்கட்டும். எப்படியும் இன்னும் கொஞ்ச நாள்தானே, உன் தம்பி வந்துடுவான்."

"சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்களாம்."

மறுநாள் காலை ஏழு மணி. ஹெல்மெட், விசில், தங்கம், குறிப்பேடு, பேனா. வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் அச்சுத் தாள்கள், அவற்றின் மேல் இளவெயில். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கண்ணால் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து எவ்வளவு நல்லாத் தெரியுது பாருங்க" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அந்த ஒரு 'ம்' அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசை விடுமா?

"ஏம்மா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்தி மாத்தி உக்காரலாமே" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"ஆறாவது விதி" என்றாள் தலை நிமிராமல்.

அவர் படியில் கால் வைத்தார்.

"தங்கம்" என்று கூப்பிட்டாள்.

பழக்க தோஷத்தில் அவர் கையிலிருந்த ஓணானைத்தான் முதலில் பார்த்தார். அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. திரும்பினார். மனைவி நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணமான முதல் வருஷத்துச் சிரிப்போடு. மனுஷன் அப்படியே உருகிவிட்டார். ஜன்னலாவது, நாற்காலியாவது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தபடி இரண்டெட்டில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"துணைக்காவல் ஆள் எக்காரணம் கொண்டும் எழக் கூடாதே" என்றாள் அவள். "சமையல் மேடைல என் காபி இருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."